உடம்புக்குக் குளிர், எஞ்சினுக்கு வெக்கை

வாசகர் கேள்வி:

நான் மட்டக்களப்பு கல்லடியைச் சேர்ந்தவன். ரத்மலானையில் செஸ்னா 152, 172 இரண்டிலும் பறந்து தனியார் விமானி உரிமம் எடுத்திருக்கிறேன். மணித்தியாலம் சேர்ப்பதற்காக நைரோபியில் இருக்கும் மாமாவிடம் போகப் போகிறேன். அங்கே வில்சன் விமான நிலையத்தில் 172 வாடகைக்குக் கிடைக்கும் என்கிறார். உயரமும் வெயிலும் சேர்ந்தால் சின்ன விமானம் ஏறாது என்று ஆளுக்கொரு கதை சொல்லிப் பயப்படுத்துகிறார்கள். ஆனால் நைரோபியில் பகலில் 27 பாகைதான், எங்கள் ஊரில் 34. பிறகென்ன பயம்? காற்று மெல்லியது என்பதால் வழமையைவிட 10 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) கூட்டித் தூக்கு என்கிறான் ஒரு நண்பன். அது சரியா? மிக்ஸ்சரை, அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை, குறைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டுமாம். எஞ்சின் சூடேறிக் கெட்டுப்போகாதா? மாமா, மாமி, மச்சான் மூவரையும் ஏற்றிக்கொண்டு மசாய் மாராவுக்குப் போகவும் ஆசை.

பதில்:

தம்பி, போகுமுன்னே கேட்டது நல்ல வேலை. உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த வரி நண்பனின் யோசனை அல்ல. "27 பாகைதான், பிறகென்ன பயம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விமானக் கைநூலில் உள்ள கணக்கெல்லாம் ஒரு நியமக் காற்றை வைத்துப் போட்டது. கடல் மட்டத்தில் 15 பாகை, ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 2 பாகை குறையும். ஓர் இடத்தின் வெப்பம் அந்த உயரத்துக்கு இருக்க வேண்டிய வெப்பத்தைவிட எத்தனை பாகை கூடுதலோ, அதை 120ஆல் பெருக்கி உயரத்தோடு கூட்டுங்கள். வருவதுதான் டென்சிட்டி அல்டிடியூட். எஞ்சினும் புரொப்பெல்லரும் இறக்கையும் தாங்கள் அந்த உயரத்தில் இருப்பதாகத்தான் நடந்துகொள்ளும்.

முதலில் நம்ம ஊருக்குப் போட்டுப் பாருங்கள். திமிலைதீவு ஓடுபாதை கடல் மட்டத்துக்குச் சில மீற்றர் மேலே, வாவிக் கரையில் கிடக்கிறது. கச்சான் வீசுகிற ஜூன், ஜூலை மத்தியானத்தில் 34 பாகை என்று வையுங்கள். 34இலிருந்து 15 போனால் 19. அதை 120ஆல் பெருக்கினால் 2,280. ஆக, வாவிக் கரையில் நிற்கும் விமானம் 2,300 அடி மலையில் நிற்பதுபோல் ஓடும். கச்சான் ஓய்ந்து கடற்காற்று புகுந்து புழுக்கம் ஏறினால் ஈரப்பதத்துக்கு இன்னும் 400 அடி போல் சேர்க்கலாம். நீராவி உலர்ந்த காற்றைவிட இலேசானது, அதனால் ஈரக்காற்றின் அடர்த்தி குறைவு. இதுவரை கடல் மட்டத்தில்தான் பறந்தேன் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். உண்மையில் ரத்மலானையிலேயே உங்கள் 152 ஒவ்வொரு பகலும் 2,000 அடி மலையிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது. ஓடுபாதை நீளமாக இருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை.

இனி வில்சன். அந்த ஓடுபாதை 5,536 அடி உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரைவிட ஏறத்தாழ 180 மீற்றர்தான் தாழ்வு. அந்த உயரத்தில் நியமக் காற்று 4 பாகையில் இருக்க வேண்டும். 27இலிருந்து 4 போனால் 23, அதை 120ஆல் பெருக்கினால் 2,760. இரண்டையும் கூட்டினால் 8,300 அடி. பிதுருதலாகல உச்சி 8,281 அடி. மத்தியானத்தில் வில்சனில் பிரேக்கை விடும்போது உங்கள் செஸ்னா இலங்கையின் மிக உயர்ந்த மலையுச்சியிலிருந்து ஓடத் தொடங்குகிறது.

இதிலுள்ள ஆபத்து இதுதான். விமானத்தை விட்டு இறங்கும்போது உங்களுக்கு வேர்க்காது. காற்று சுகமாக இருக்கும். கல்லடியில் வளர்ந்த உடம்புக்கு அது குளிர்காலம். 'இன்றைக்கு வெக்கை, கவனம்' என்று உடம்பு ஒருபோதும் எச்சரிக்காது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் கடதாசியில் கணக்கைப் போட்டுவிட்டு விமானத்தில் ஏறுங்கள் என்கிறேன். உயரம் காட்டும் அல்டிமீற்றரில் நியமக் காற்றின் கடல் மட்ட அழுத்தமான 1013ஐ வையுங்கள். அது காட்டும் உயரத்தையும் வெப்பமானியையும் வைத்துக் கணக்கைப் போட ஒரு நிமிடம் போதும்.

8,300 அடியில் என்ன நடக்கும்? 160 குதிரைவலுவுள்ள 172என் வகையையே எடுத்துக்கொள்வோம். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே முக்கால் பங்கு வலுதான் தரும், அதாவது 120 குதிரைவலு அளவில். முழு எடையில் நியமக் காற்றில், கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 770 அடி ஏறும் என்கிறது கைநூல். மட்டக்களப்பு மத்தியானத்தில் அது 660 போல் வரும். வில்சன் மத்தியானத்தில் 380 கூட வந்தால் பெரிய காரியம். அதே நேரம் முன்னோக்கிய உண்மை வேகம் கூடியிருக்கும். ஆகவே ஒரு கடல் மைல் தூரத்தில் இங்கே 500 அடிக்கு மேல் ஏறிய விமானம் அங்கே 280 அடி போல்தான் ஏறும். முன்னால் நிற்கிற மரமும் கம்பமும் மலையும் பார்ப்பது அந்தச் சரிவைத்தான். நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதை அல்ல. தரையோட்டமோ நியமக் காற்றில் கடல் மட்டத்தில் ஓடியதன் இரு மடங்களவுக்குப் போய்விடும்.

நண்பனின் 10 நொட்டுக்கு வருவோம். கூட்ட வேண்டாம். ஏர்ஸ்பீட் கருவி அளப்பது முன்னால் மோதும் காற்றின் அழுத்தத்தை. இறக்கை தூக்குவதும் அதே அழுத்தத்தால்தான். காற்று மெலிந்தால் இரண்டும் சேர்ந்தே மெலியும். ஆகவே 55 நொட்டில் மூக்கைத் தூக்குகிற விமானத்துக்கு வில்சனிலும் முள் 55ஐத் தொடுவதே கணக்கு. முள் 55 காட்டும்போது உண்மை வேகம் 62 அளவில் இருக்கும். அந்தக் கூடுதல் ஏழு நொட்டை மெல்லிய காற்றே உங்களிடமிருந்து வாங்கிவிட்டது. அதற்கு மேல் நண்பனுக்காகவும் பத்தைக் கூட்டினால் ஓட்டம் 40 வீதம் நீளும், வேகத்தின் வர்க்கத்தோடு தூரம் போவதால். அதுவும் பாதை ஏற்கெனவே குறுகியிருக்கிற இடத்தில்.

நண்பன் சொல்வதற்கு நேரெதிரான பிழையும் ஒன்று இருக்கிறது. அதைத்தான் புதியவர்கள் அதிகம் செய்கிறார்கள். தரை வழமையைவிட வேகமாகப் பின்னால் ஓடுகிறது. பாதையின் முடிவு கிட்டத்தில் தெரிகிறது. கை தானாகக் கைப்பிடியை இழுக்கிறது. தரைக்கு மிக அண்மையில் இறக்கைக்கு இழுவை குறைவு என்பதால் விமானம் எழும்பியும்விடும். ஓர் இறக்கை நீளம், 172க்கு 36 அடி, அந்த உயரத்தைத் தாண்டப் பார்க்கும்போது அந்தச் சலுகை போய்விடும். ஏறவும் மாட்டாது, வேகம் எடுக்கவும் மாட்டாது, முன்னால் பாதையும் இல்லை. இந்த நிலையில் மூக்கை இன்னும் தூக்குவதுதான் உயிரை எடுப்பது. கண்ணை விட்டு முள்ளைப் பாருங்கள். 55 வந்ததும் மெதுவாகத் தூக்குங்கள். சில்லு தரையை விட்டதும் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, தரையை ஒட்டியே வேகம் எடுக்க விட்டு, பிறகு ஏறுங்கள். ஏறும் வேகம் மட்டும் உயரத்தோடு கொஞ்சம் மாறும். சீக்கிரம் உயரம் எடுக்கும் வேகம் கடல் மட்டத்தில் 73 நொட், 10,000 அடியில் 68. குறைந்த தூரத்தில் கூடிய உயரம் எடுக்கும் வேகம் 59இலிருந்து 61 ஆகும். நீங்கள் எடுக்கும் விமானத்தின் கைநூலைத் திறந்து அதிலுள்ள இலக்கத்தையே எடுங்கள், வகைக்கு வகை வித்தியாசம் உண்டு.

இறங்கும்போதும் இதே கதைதான். முள் காட்டும் வேகம் வழமையானது, தரை மட்டும் வேகமாக ஓடும். வேகமாக வருகிறோமே என்று எஞ்சினுக்கு வலுக் கொடுக்கும் த்ரொட்டிலை இழுத்துவிடாதீர்கள்.

மிக்ஸ்சர் விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. கடலோரத்தில் பழகியவர்களுக்கு அந்தச் சிவப்புக் குமிழ் என்றாலே புறப்படும்போது முழுக்க உள்ளே என்றுதான் கை பழகியிருக்கும். ஆனால் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டர் காற்றின் எடையை அறியாது. உள்ளே போகும் காற்று மெலிந்தாலும் எரிபொருளை அதற்கேற்பக் குறைக்காது. 5,500 அடியில் முழுக்க உள்ளே தள்ளினால் எரிபொருள் மிஞ்சி, எஞ்சின் கரடுமுரடாகி, ஏற்கெனவே முக்கால் பங்காகிவிட்ட வலுவிலும் இன்னும் கொஞ்சம் போகும். 3,000 அடிக்கு மேற்பட்ட நிலையங்களில் புறப்படுமுன் மிக்ஸ்சரைக் குறைக்கச் சொல்லி 172 கைநூலே எழுதியிருக்கிறது.

செய்யும் விதம் இப்படி. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு த்ரொட்டிலை முழுக்கக் கொடுங்கள். கார்பரேட்டருக்குப் போகும் காற்றைச் சூடாக்கும் கார்பரேட்டர் ஹீட் அணைந்திருக்க வேண்டும். ஆர்பிஎம் முள்ளில் கண்ணை வைத்துக்கொண்டு சிவப்புக் குமிழை மெள்ள மெள்ள வெளியே எடுங்கள். முதலில் முள் அசையாது. பிறகு எஞ்சின் சத்தம் தெளிந்து, முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், எவ்வளவு என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. ஓரிடத்தில் நின்று, இன்னும் எடுத்தால் இறங்கத் தொடங்கும். இறங்குமுன் இருந்த அந்த உச்சிக்குத் திரும்பி வந்து, அதிலிருந்து ஒரு பொடி உள்ளே தள்ளி விடுங்கள். இதற்குச் சரளைக் கல் இல்லாத இடமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் புரொப்பெல்லர் கல்லை உறிஞ்சித் தன்னையே வெட்டிக்கொள்ளும். எஞ்சின் கெடுமா என்ற கேள்விக்கு: அந்த உயரத்தில் எஞ்சினால் தர முடிந்த வலுவே முக்கால் பங்குதான் என்பதால், உச்சி ஆர்பிஎம்மில் வைத்துப் புறப்படுவது அதைச் சுட்டுவிடாது. ஏறும்போது எண்ணெய் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், கூடினால் மூக்கைத் தாழ்த்திக் கொஞ்சம் வேகம் கொடுங்கள். டர்போ எஞ்சினுக்கு இது பொருந்தாது, அதற்குக் கைநூல் சொல்வதே சட்டம்.

இரண்டு சின்ன விஷயம் இதோடு சேர்த்து. வில்சன் நெரிசலான இடம். 1929இல் வில்சன் எயார்வேஸைத் தொடங்கிய புளோரன்ஸ் கெர் வில்சன் அம்மையாரின் பெயரைத் தாங்கியது, அம்ரெஃப் பறக்கும் மருத்துவர்களின் விமானங்களும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வரிசையில் காத்திருக்கும்போது மிக்ஸ்சரை நன்றாகக் குறைத்தே வையுங்கள், இல்லாவிட்டால் பிளக்கில் கரி படியும். வரிசை நகர்ந்து முறை வந்ததும் மேலே சொன்னபடி மீண்டும் சரி செய்யுங்கள். அடுத்தது, இறங்கும் பட்டியலில் 'மிக்ஸ்சர் முழுக்க உள்ளே' என்று கை பழக்கத்தில் தள்ளிவிட்டு வந்தால், இறங்க முடியாமல் மறுபடி எழும்ப வேண்டி வரும்போது எஞ்சின் திணறும். அங்கே இறங்கும்போதும் அந்த உயரத்துக்குரிய இடத்தில்தான் குமிழ் நிற்க வேண்டும்.

புறப்படுவதா நிறுத்துவதா என்ற முடிவை ஓடும்போது எடுக்கக் கூடாது. நிற்கும்போதே எடுங்கள். பாதையின் நடுவைக் காட்ட ஓர் அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு டாக்சி வழித் திருப்பமோ காற்றுப்பையோ போதும். அந்த இடத்துக்கு வரும்போது தூக்கும் வேகத்தின் 70 வீதம், அதாவது 55க்கு 38 அல்லது 39 நொட், முள்ளில் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் த்ரொட்டிலை மூடி பிரேக். யோசிக்க வேண்டாம், கொஞ்சம் பார்ப்போம் என்றும் வேண்டாம். பாதியில் 70 வீதம் வராத விமானம் மீதிப் பாதிக்குள் தூக்கும் வேகத்தை எட்டாது என்பது கணக்கு. அப்புறம், கைநூல் சொல்லும் தூரம் புது எஞ்சினும் தேர்ந்த விமானியும் எடுத்த தூரம். பிரித்தானிய சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை தனியார் விமானிகளுக்குச் சொல்வது, புறப்படும் தூரத்தை 1.33ஆல் பெருக்கிக்கொள் என்று. அதையே நீங்களும் வழக்கமாக்குங்கள்.

இனி மாமா குடும்பம். ஆசை நியாயமானதுதான், ஆனால் நான்கு பெரியவர்களும் நிரம்பிய டாங்கும் 172என் விமானத்துக்கு கடல் மட்டத்திலேயே எடை வரம்பை மீறிவிடும். எடை 10 வீதம் கூடினால் புறப்படும் தூரம் 20 வீதம் போல் கூடும், திருப்பிப் போட்டாலும் அப்படியே. 40 கலன் எரிபொருள் 240 இறாத்தல். பாதியோடு போனால் 120 இறாத்தல் குறைகிறது, தூரத்தில் பத்து வீதம் மிச்சம். ஆனால் மாராவுக்குப் போய்த் திரும்புவதற்கும் கையிருப்புக்கும் எரிபொருள் வேண்டும், மாரா பாதைகளில் எரிபொருள் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஆகவே ஆளைத்தான் குறைக்க வேண்டும். முதல் பயணத்துக்கு ஒருவரை மட்டும் ஏற்றுங்கள். மாமியும் மச்சானும் அடுத்த நாள் வரட்டும். மனசு நோகும்தான். ஆனால் அவர்கள் மூவரும் உங்கள் கணக்கை நம்பித்தான் ஏறுகிறார்கள்.

மாராவில் கவனமாக இருக்க வேண்டியது திரும்பும் பயணம். விடியற்காலையில் வில்சனில் 14 பாகை இருந்தால் டென்சிட்டி அல்டிடியூட் 6,700 அடிதான், மத்தியானத்தைவிட 1,600 அடி குறைவு. விமானம் இலகுவாக எழும்பும். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். பிறகு சிங்கம் பார்த்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு மாராவில் ஏறுவீர்கள். அங்குள்ள பாதைகளும் 5,000 அடியை ஒட்டியவை அல்லது அதற்கு மேற்பட்டவை, பலதும் மண் பாதை. 29 பாகையில் கணக்குப் போட்டால் அங்கேயும் 8,000ஐ ஒட்டியோ தாண்டியோ வரும். உலர்ந்த புல்தரை என்றால் தரையோட்டத்தில் 15 வீதம் கூட்டச் சொல்கிறது கைநூல். பின்காற்று என்றால் ஒவ்வொரு 2 நொட்டுக்கும் 10 வீதம். காலையில் கிடைத்த துணிச்சலை மத்தியானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒன்பது மணிக்குள் திரும்புவது, முடியாவிட்டால் நாலரைக்குப் பிறகு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பி இருட்டுமுன் இறங்குவது, அதுவும் முடியாவிட்டால் இரவு தங்குவது என்று மாமாவுக்கு முதலே சொல்லி வையுங்கள். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை நைரோபியில் காலையில் தாழ்ந்த மேகம் மூடிக்கிடக்கும். அந்த மாதங்களில் விடியற்காலைத் திட்டமே பிசகலாம், பிசகிய நாளில் மத்தியானம் புறப்படுவோம் என்று மாற்றுவதுதான் ஆட்களை மாட்டிவிடும்.

திரும்பும் வழியில் ங்கோங் மலை இருக்கிறது, உச்சி 2,460 மீற்றர், 8,000 அடியைச் சற்றுத் தாண்டும். அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வருவது. ஆகவே மேற்கே பள்ளத்தாக்குப் பக்கமிருந்து வரும் உங்களுக்கு மலையின் இந்தப் பக்கம் காற்று கீழ்நோக்கி இறங்கும். நிமிடத்துக்கு 300 அடி ஏறுகிற விமானத்தை 500 அடி இறங்கும் காற்றில் கொண்டுபோய் விட்டால் முழு த்ரொட்டிலிலும் கீழேதான் போகும். மலையை நெருங்குமுன்பே, பள்ளத்தாக்கின் நடுவிலேயே, முகட்டுக்கு 1,000 அடிக்குக் குறையாத உயரத்தை எடுத்துவிடுங்கள். காற்று பலமென்றால் 2,000. நேரே குத்திக்கொண்டு போகாமல் 45 பாகைச் சாய்வில் நெருங்குங்கள், இறங்கும் காற்று பிடித்தால் சிறிய திருப்பத்திலேயே விலகிவிடலாம்.

வாடகைக்குத் தருமுன் அங்குள்ள பயிற்சியாளர் ஒருவர் உங்களுடன் பறந்து பார்ப்பார். வழக்கமாக அதைக் காலைக் குளிரில் இரண்டு பேரோடு முடித்துவிடுவார்கள். நீங்கள் மத்தியானம் ஒரு மணிக்கு, பின்னிருக்கையிலும் எடையோடு, ஆனால் வரம்புக்குள், ஒரு தடவை பறக்கக் கேளுங்கள். காசு சற்றுக் கூடப் போகும், கொடுங்கள். புறப்படுமுன் கைநூலிலிருந்து தரையோட்டத்தைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள். சில்லு தரையை விட்ட இடத்தைப் பயிற்சியாளர் குறித்துக்கொள்ளட்டும், ஓடுபாதை ஓர விளக்குகளை எண்ணினால் தூரம் கிடைத்துவிடும். கைநூல் சொன்னதைவிட எவ்வளவு கூடுதலாக ஓடியதோ, அந்த விமானத்தை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வித்தியாசத்தை முதலில் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு 1.33ஆல் பெருக்குங்கள்.